மாற்றுக் கைகள்

நீல வீரனின் இடது கை விரிந்திருந்தது.

காலையில் ஆன்றோ வேலைக்குக் கிளம்பும்போது அது மூடிய கையாக இருந்தது. அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஹார்பரிலிருந்து திரும்பியதும் சட்டையைக் கழற்றும் முன்பே கண்ணாடி அலமாரியின் முன் வந்து நிற்பது அவன் பழக்கம். மேற்கு வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கண்ணாடி மேல் சாய்த்துப் போட்டிருந்தது. நாள் முழுவதும் ஓடும் ஏசியின் குளிரில், புது பிளாஸ்டிக்கும் அட்டைப் பெட்டியும் கலந்த அந்த அறையின் வழக்கமான மணத்துக்கு அடியில், கப்பலின் அடித்தட்டில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் வாடை, டீசலும் உப்பும் அழுகிய கயிறும் சேர்ந்த வாடை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தான். ஜன்னல் மூடியிருந்தது. மில்லர்புரத்தில் அவன் தெருவுக்குக் கடல் வாடை வந்ததில்லை.

அலமாரியில் ஐந்து பேர் நின்றார்கள். சிவப்பு, மஞ்சள், நடுவில் நீலம், பச்சை, வெள்ளை. ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் வீரர்கள். ஒரு சாண் உயரம். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று எல்லா இடத்திலும் மூட்டு உண்டு. எந்த நிலையில் வைத்தாலும் அந்த நிலையில் நிற்பார்கள். முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான கறுப்பு மூடி.

ஒவ்வொருவருக்கும் மாற்றுக் கைகள் உண்டு. மூடிய கை, விரித்த கை, சுட்டும் கை, வாள் பிடிக்கும் கை. பொம்மையின் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு சிறு முளை இருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் டக்கென்று கழன்று வரும். வேறு கையை முளையில் வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். மீதிக் கைகள் பெட்டியின் பிளாஸ்டிக் தட்டில், அவற்றுக்கென்று வெட்டிய பள்ளங்களில் படுத்திருக்கும்.

அலமாரியின் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. வேறு சாவி இல்லை. பூட்டைத் திறந்தான். இடது கை மோதிரம் கண்ணாடியில் பட்டு ஓசை எழுந்தது. நீலத்தின் பெட்டியை எடுத்துத் தட்டை உருவினான். விரித்த கைக்கான பள்ளத்தில் மூடிய கை கிடந்தது. விரல்கள் சரியான பக்கம் பார்த்திருந்தன. அவனே வைத்ததுபோல் இருந்தது.

“நேத்து மாத்தியிருப்பேன்” என்றான். அறையில் யாரும் இல்லை. சத்தமாகவே சொன்னான்.

வெந்நீர் வைத்தான். பொம்மையின் மணிக்கட்டை அதில் நனைத்துப் பிளாஸ்டிக்கை இளக்கினான். மூடிய கையைத் திரும்பப் பொருத்தினான். டக்.

நீலம் அவனிடம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மற்ற நான்கும் பல வருடங்களாக இருந்தன. நான்கையும் கொண்டுவந்தது அண்ணன் இஞ்ஞாசி. ஜப்பான் பக்கம் போகும் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் கோபேயிலோ யோகோஹாமாவிலோ நிற்கும்போது இறங்கி, கடை கடையாக ஏறி வாங்கி, அழுக்குத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துவருவான். மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டுவான். ஒரு தட்டு, சற்று விட்டு இரண்டு தட்டு. அவன் அப்படித்தான் தட்டுவான். ஒருமுறை பொம்மை கிடைக்கவில்லை என்று சிங்கப்பூரில் ஒரு இரும்பு மோதிரம் வாங்கி வந்து தம்பி விரலில் போட்டான்.

நீலத்தை மட்டும் அவன் தரவில்லை. பெட்டியோடு தன் கேபினிலேயே வைத்திருந்தான்.

“நாலு பேரா நிக்கது அசிங்கமா இருக்குண்ணே” என்று ஆன்றோ ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

“அரக்கனுக்கு எதுக்குலே அஞ்சு பேரு” என்பான் இஞ்ஞாசி.

சின்ன வயதில் இருவரும் மணப்பாட்டில் பக்கத்து வீட்டு டிவியில் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். வீரர்கள் இந்தியில் பேசினார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. கடற்கரையில் விளையாடும்போது இஞ்ஞாசி நீலம். ஆன்றோ அரக்கன். தினமும் ஆன்றோதான் சாக வேண்டும். செத்து ஈர மணலில் கிடக்கும்போது அண்ணனின் நிழல் அவன் முகத்தில் விழும். அந்த நிழலை அவன் மறக்கவில்லை.

ஒரு காலையில் இஞ்ஞாசி கப்பலில் இல்லை. கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஒரு பை மட்டும் வந்தது. ஆன்றோவுக்கு ஹார்பரில் சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. பையை வாங்கப் போனவன் அவன்தான். திறந்ததும் அவன் தேடியது அண்ணனின் சட்டையை அல்ல.

உடல் கிடைக்காதவனுக்கும் அவர்கள் குடும்பத்தில் சவப்பெட்டி உண்டு. பூசை உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. கடைசி நாளில் அவனோடு இருந்த ஒரு பொருளைத் துணியில் சுற்றி, கூடப்பிறந்தவன் தன் கையால் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சுற்றிய துணியை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. அந்தப் பொருள்தான் இனிச் செத்தவனுக்கு உடம்பு. அதைத் தேடி வந்து பெட்டியில் படுத்துக்கொள்வான் என்பார்கள்.

இஞ்ஞாசியின் மனைவி அல்போன்சா யோசிக்கவே இல்லை. “வீடியோ கால்ல பேசும்போதெல்லாம் அந்த நீலப் பொம்ம அவிய தோளுக்குப் பின்னால நிக்கும் தம்பி. அதையே வச்சிருவோம்” என்றாள்.

“சரி மதினி” என்றான் ஆன்றோ.

அவன் மேசை இழுப்பறையில் இன்னொரு நீலம் இருந்தது. போலி. அண்ணன் தரமாட்டான் என்று தெரிந்த பிறகு இணையத்தில் வாங்கியது. சாயம் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வெட்கப்பட்டு அதை அலமாரியில் வைக்காமல் இருந்தான். பூசைக்கு முன்தினம் அதை எடுத்தான். கைகளைச் சரியாகப் பொருத்தப் பார்த்தான். போலிகளில் முளை தடிமனாக இருக்கும். அழுத்தினான். வலது முளை ஒடிந்தது. இடதும் ஒடிந்தது. ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை.

துணிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

கை இல்லாத போலியை ஒரு கைக்குட்டையில் சுற்றி மணப்பாட்டுக்குக் கொண்டுபோனான். பாதர் ஜெபம் சொன்னார். அல்போன்சா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆன்றோ தன் கையால் உள்ளே வைத்தான். மணல் விழத் தொடங்கியபோது எல்லோரும் அழுதார்கள். அவனும் அழுதான். ஆனால் அவன் மனதில் ஓடியது ஒன்றுதான். செட் முழுசாயிட்டு.

*

மறுநாள் மாலை அவன் வேலையிலிருந்து திரும்பியபோது கீழ்வீட்டு ஜீவமணி படிக்கட்டின் அடியில் பனியனோடு நின்றிருந்தார். வீட்டுக்காரர். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர்.

“ஏலே ஆன்றோ, நில்லு. பகல்ல மேல யார வச்சிட்டுப் போற?”

“யாருமில்ல அண்ணாச்சி.”

“யாருமில்லன்னா ஏசி யாருக்கு ஓடுது?”

“பொம்மைக்குத்தான். உப்புக் காத்துல பிசுபிசுன்னு ஆயிரும்.”

“நான் கீழ வேர்த்து ஒழுகுதேன். ஒம் பொம்ம ஏசில நிக்கு. அடுத்த பொறப்புல ஒம் பொம்மையாப் பொறக்கேம்லே.”

“பொம்மன்னு சொல்லாதீய. ஆக்‌ஷன் ஃபிகர்.”

“ஃபிகரா. நாப்பது வயசுல ஒனக்கு அமைஞ்ச ஃபிகரு இதுதானா” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “வெளையாட்டு இல்ல. மத்தியானம் பூரா ஒங் கதவுல சத்தம். சாக்கு மூட்டைய வச்சு ஒராசுத மாதிரி. ஒராசும், நிக்கும். ஒராசும், நிக்கும். நான் ஏறி வந்து பாத்தேன். ஆளில்ல. வந்து கதவப் பாரு.”

இருவரும் மேலே ஏறினார்கள். கதவில் நெஞ்சு உயரத்தில் இரண்டு கறைகள் இருந்தன. பக்கம் பக்கமாக. மணிக்கட்டு அகலம். மேலிருந்து கீழாக இழுபட்டிருந்தன. நடுவில் இன்னும் ஈரம். ஓரங்கள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன.

“நாயா இருக்கும்” என்றான் ஆன்றோ.

“இந்த ஒசரத்துல எந்த ஊரு நாய்லே ஒராசும்?” ஜீவமணி வெள்ளையைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். “உப்பு. அளத்துலயே கெடந்தவனுக்குத் தெரியாதா. கடத்தண்ணி காஞ்ச உப்பு.”

அவர் இறங்கிப் போகும்வரை ஆன்றோ கதவைத் திறக்கவில்லை.

உள்ளே வாடை கூடியிருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி பையில் இருந்தது. நீலத்தின் இரண்டு கைகளும் மாறியிருந்தன. இடது கை விரிந்து முன்னால் நீண்டிருந்தது, எதையோ கேட்பதுபோல். வலது கை சுட்டியது. அது சுட்டிய திசையில் வாசல் கதவு இருந்தது. கதவுக்கும் பொம்மைக்கும் நடுவில் ஆன்றோ நின்றிருந்தான். ஒரு பக்கம் நகர்ந்து நின்றான். சுட்டிய விரல் அசையவில்லை. மூச்சு விட்டான்.

அன்று அவன் கைகளை மாற்றவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும்போது வலது மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். டக். வலி இல்லை. கையைச் சுழற்றிப் பார்த்தான். டக். விரல்நுனிகள் மரத்திருந்தன. பக்கத்து நாற்காலி ஜெபசுதா, “சுளுக்கா? எண்ணெய் தேயுங்க” என்றாள். அவன் கையை வெளிச்சத்தில் பிடித்தான். மணிக்கட்டைச் சுற்றி ஒரு கோடு ஓடியது. நூல் கட்டி அவிழ்த்ததுபோல் மெல்லிய கோடு. தேய்த்தான். போகவில்லை. இடது கையைப் பார்த்தான். அதிலும் இருந்தது.

அந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும். அச்சில் வார்த்த எல்லாப் பொம்மையிலும் அது இருக்கும். இரண்டு பாதிகள் சேரும் இடம்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அல்போன்சா மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வருகிறேன் என்று காலையில்தான் போன் செய்தாள். ஆன்றோ நீலத்தை ஒரு துண்டில் சுற்றி, பெட்டியோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். அலமாரியில் நான்கு பேர் நின்றார்கள்.

அவள் கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொட்டலம் மேசையில் வைத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஏசியைப் பார்த்தாள்.

“குளுகுளுன்னு நல்லாத்தான் வாழுதிய” என்றாள்.

“காப்பி போடவா மதினி?”

“வேண்டாம். ஒண்ணு சொல்லணும். சொன்னா எனக்குக் கிறுக்குன்னு நெனைக்கக் கூடாது.”

அவன் எதிரில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

“ஒங்க அண்ணன் வாராவ” என்றாள்.

ஆன்றோ வாசல் கதவைப் பார்த்தான்.

“கனவு இல்ல தம்பி. வெடிஞ்சு நல்ல வெளிச்சத்துல. நான் வாசலத் தொறக்கப் போவேன். கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி சொட்டுத சத்தம் கேக்கும். ஆனா தட்ட மாட்டேங்காவ. அவிய தட்டுனா நமக்குத் தெரியுமே, ஒண்ணு, அப்புறம் ரெண்டு. தட்டல. ஒடம்ப வச்சு ஒராசுதாவ.”

“தொறந்தியளா?”

“முந்தாநாளு தொறந்தேன்.” அவள் கருப்பட்டிப் பொட்டலத்தின் நூலை இழுத்து விட்டாள். “மொகம் நல்லாத்தான் இருக்கு. மீனு தொடல. நான் பயப்படலியே, புருசன்தான. உள்ள வாங்கன்னேன். வரல. கைய நீட்டுனாவ. நீட்டுன எடத்துல கை இல்ல. மணிக்கட்டோட நின்னுட்டு. ரெண்டும்.”

ஆன்றோ மடியிலிருந்த கைகளை மேசைக்கு அடியில் இறக்கினான்.

“கப்பல்ல அடிபட்டிருக்குமோ என்னமோ” என்றான்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். பெறகு யோசிச்சேன். நாம வச்சதுதான அவியளுக்கு ஒடம்பு.” அவள் தலை நிமிர்ந்தாள். “அந்தப் பொம்மைக்குக் கை இருந்துதா தம்பி?”

“இருந்துது.”

“துணியில சுத்துனது நீங்க.”

“நான்தான்.”

“ஒடஞ்சு கிடஞ்சு இருந்தாச் சொல்லுங்க. ஒண்ணும் தப்பு இல்ல. பாதர்ட்டக் கேட்டு, பெட்டியத் தொறந்து வேற பொருளு வச்சிருவோம். அவிய சட்ட இருக்கு, செபமால இருக்கு. என்னால அப்படிப் பாக்க முடியல. கை இல்லாம அவிய எங்க போயி என்ன செய்வாவ. ஒரு வாய்த் தண்ணி குடிக்க முடியுமா? படுக்க முடியாமத்தான அலையுதாவ.”

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெட்டியைத் திறந்தால் போலி வெளியே வரும். அசல் எங்கே என்று கேட்பாள். பீரோ அவளுக்குப் பின்னால் கை நீட்டும் தூரத்தில் இருந்தது.

“ரெண்டு கையும் இருந்துது மதினி” என்றான். அவள் நம்பாததுபோல் பார்த்ததால் கைகளை எடுத்து மேசை மேல் வைத்தான். “என் ரெண்டு கை மேல சத்தியமா.”

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“அப்ப என்ன கொறன்னு எனக்குத் தெரியல.”

போகும்போது அலமாரி முன் நின்றாள். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் இடம் காலியாக இருந்தது.

“நடுவுல எடம் விட்டிருக்கிய.”

“அது அண்ணனுக்கு” என்றான்.

அவள் உதடு கோணியது. கண்ணாடியில் விரலை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான். அவள் அழுது முடியும்வரை பீரோவின் சாவியைப் பைக்குள் பிடித்திருந்தான்.

படிக்கட்டில் கால் வைத்தவள் திரும்பினாள். கதவைப் பார்த்தாள். கறைகளை அவன் காலையில் துடைத்திருந்தான்.

“மொத நாளு சத்தம் கேட்டப்பவே, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, வச்சது ஒங்க தம்பி, அங்கன போய்க் கேளுங்கன்னு. வந்தாவளா?”

“இல்ல மதினி.”

“வந்தாச் சொல்லுங்க” என்று இறங்கிப் போனாள்.

*

மூன்று மணிக்கு மழை வந்தது. கடல் பக்கமிருந்து வந்த மேகம் தெருவைக் கறுப்பாக்கியது. கரண்ட் போயிற்று. ஏசி நின்றதும் அறையில் அதுவரை இல்லாத அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் மழை தகரக் கூரைகளில் இறங்கும் இரைச்சலும், எங்கோ ஒரு குழாயின் குமுறலும், அவனுடைய மணிக்கட்டுகளின் சின்னச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. புழுக்கம் ஏறியது. வாசலை ஒட்டிய ஜன்னலைத் திறந்தான். கம்பிகளுக்கு வெளியே படிக்கட்டின் மேல்தட்டு நனைந்து பளபளத்தது. ஆளில்லை.

பீரோவைத் திறந்தான். துண்டைப் பிரித்தான்.

நீலத்துக்குக் கைகள் இல்லை. மணிக்கட்டுகளில் முளைகள் மட்டும் இருந்தன. பெட்டியை எடுத்துத் தட்டை உருவினான். பள்ளங்கள் எல்லாம் காலி. மூடிய கை இல்லை. விரித்த கை இல்லை. சுட்டும் கை இல்லை. பீரோவுக்குள் துணிகளை இழுத்துப் போட்டான். தரையில் மண்டியிட்டுத் தடவினான். தேடும்போது அவனுக்கு வந்தது பயம் அல்ல. கோபம். கை இல்லாவிட்டால் செட்டுக்கு மதிப்பு இல்லை.

தரையில் உள்ளங்கை ஊன்றி இருந்தபோது அது கேட்டது.

உரசல்.

கதவில். நெஞ்சு உயரத்தில். ஈரமான எதையோ மரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்கள். நிறுத்தினார்கள். மறுபடி இழுத்தார்கள். பொறுமையாக. தட்டத் தெரிந்தவன் தட்ட முடியாமல் செய்வதுபோல்.

ஆன்றோ எழுந்தான். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

“அண்ணே” என்றான்.

உரசல் நின்றது. தண்ணீர் சொட்டியது. மழை அல்ல. மழைக்கு முன்னால், கதவுக்கு மிக அருகில், கனமான சொட்டுகள்.

நீலம் அவன் இடது கையில் இருந்தது. கதவைத் திறந்து நீட்டினால் போதும். அவ்வளவுதான் கேட்கிறான். ஆன்றோ அலமாரியைப் பார்த்தான். நடுவில் காலி இடம். பல வருடம் பார்த்த காலி இடம். நீலத்தை அதில் வைத்தான். கை இல்லாவிட்டாலும் நிறம் பொருந்தியது. அலமாரியைப் பூட்டினான்.

“நாளைக்குத் தாரேண்ணே” என்றான் கதவைப் பார்த்து. “நானே மணப்பாட்டுக்குக் கொண்டாந்து வச்சிருதேன். இப்ப போ.”

சொட்டுகள்.

தாழ்ப்பாள் பாதிதான் விழுந்திருந்தது. மதினி போன பிறகு அவன் சரியாகப் போடவில்லை. மெல்ல நடந்தான். தாழ்ப்பாளை வலது கையால் பிடித்தான். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே தள்ளினான்.

டக்.

கை இறங்கியது. லேசாக இருந்தது.

பார்த்தான்.

கை தாழ்ப்பாளில் இருந்தது. விரல்கள் அதைப் பிடித்திருந்தன. அவன் மணிக்கட்டு மட்டும் திரும்பி வந்திருந்தது. ரத்தம் இல்லை. வலி இல்லை. தோல் வழவழப்பாக மூடியிருந்தது. நடுவில் ஒரு முளை. வெள்ளையாக.

அவன் கத்தவில்லை. பழக்கமான வேலை அது. கழன்ற கையைத் திரும்பப் பொருத்த வேண்டும். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தாழ்ப்பாளிலிருந்து இழுத்தான். வரவில்லை. பிடி இறுகியது. பலமாக இழுத்தான்.

டக்.

இடது கை தரையில் விழுந்தது. மோதிரம் சிமெண்டில் ஒலித்தது.

இரண்டு முளைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

தரையில் சத்தம். நகங்கள். நண்டு மணலில் ஓடுவதுபோல். நடுவில் மோதிரம் இழுபடும் ஓசை. ஓடியது. இடது கை சுவர் ஏறியது. ஜன்னல் கம்பியில் மோதிரம் பட்டது. வெளியே, ஈரத் தரையில், சொத்தென்று விழுந்தது.

பிறகு மழை.

டக்.

அது வெளியே கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கை முளையில் உட்காரும் சத்தம்.

கதவைத் தட்டினார்கள்.

ஒன்று.

இரண்டு. மூன்று.

ஒவ்வொரு தட்டோடும் மோதிரம் மரத்தில் பட்டது.

“ஏலே ஆன்றோ.” கீழேயிருந்து ஜீவமணியின் குரல். “ஆளு மழையில நனைஞ்சிட்டு நிக்காரு பாரு. ஒத்தக் கையால எவ்வளவு நேரம் தட்டுவாரு. தொறயாம்லே.”

ஆன்றோ கதவோடு ஒட்டி நின்றான். முளைகளால் கதவை அழுத்தினான். அவை மரத்தில் உரசின. மேலிருந்து கீழே.

அவன் கண்ணுக்கு நேராகத் தாழ்ப்பாளில் அவனுடைய வலது கை இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. பிடியைச் சரிசெய்துகொண்டன. பிறகு தாழ்ப்பாளை மெல்ல இழுக்கத் தொடங்கின.